ஈஸ்டர் காலம், கஷ்டம், நம்பிக்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாஸ்கு முடிஞ்சு ரெண்டு மூணு கிழமைக்குள்ள, பூசைக்கு பிறகு கோயில் வளவுல, அன்பியக் கூட்டத்துல (அக்கம்பக்கத்துக் கத்தோலிக்க குடும்பங்கள் சேந்து செபிக்கிற குழு), வாட்ஸ்அப் குரூப்ல திரும்பத் திரும்ப வாற கேள்விகள் இதெல்லாம். கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை, மட்டக்குளி பக்கம் இருக்கிற எங்கட ஆக்கள் எப்படி கேட்பாங்களோ அப்படியே போட்டிருக்கேன். கொழும்புல ஈஸ்டர்னு சொன்னாலே கோயில்கள்லயும் ஹோட்டல்கள்லயும் குண்டு வெடிச்ச 2019 ஏப்ரல் 21 ஞாபகத்துக்கு வராம போகாது, அதனால சுத்தி வளைக்காம நேராவே கதைக்கிறேன்.

ஈஸ்டர் ஒரு நாள் தானே? ஏன் 50 நாள்னு சொல்றாங்க?

தவக்காலத்த எல்லாரும் ஒழுங்கா பிடிக்கிறோம், மச்சம் சமைக்கிறதில்ல, வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்கு போறோம், பெரிய வெள்ளிக்கு கறுப்பு வெள்ளை உடுக்கிறோம், ஆனா ஈஸ்டர் ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டு எழும்பினதோட எல்லாம் முடிஞ்ச மாதிரி ஆயிடுது. உயிர்ப்பு ஞாயிறுல இருந்து பெந்தெகொஸ்தே வரைக்கும் 50 நாளும் பாஸ்கா காலம் தான். 2026ல பாத்தா ஏப்ரல் 5ல தொடங்கி மே 24 வரைக்கும். அந்த நாளெல்லாம் பாஸ்கா திரி, அதாவது உயிர்ப்புக்கு ஏத்துற பெரிய மெழுகுதிரி, பீடத்துக்கு கிட்ட நிக்கும், ஞாயிறு முதல் வாசகம் பழைய ஏற்பாட்டுல இருந்து இல்லாம திருத்தூதர் பணிகள்ல இருந்து வரும்.

இவ்வளவு நாள் எதுக்குன்னா, சீடர்களுக்கே அந்த சந்தோஷம் ஒரு நாள்ல வரல. முதல் நாள் பின்னேரம் கதவப் பூட்டிட்டு பயத்துல இருந்தாங்க. எட்டு நாள் கழிச்சும் கதவு பூட்டித்தான் இருந்தது, யோவான் 20ஐ எடுத்து வாசிச்சுப் பாருங்க. ஆண்டவர் உயிர்த்துட்டார்னு கேள்விப்பட்ட பிறகும் பயம் போகாத ஆக்களத்தான் திருச்சபை முதல் சாட்சிகள்னு சொல்லுது, அதனால உங்களுக்கு இன்னும் மனசு வரலைன்னா நீங்க எதிலயும் பிந்திப் போகல.

வீட்டுல இந்த வருஷம் ஒரு சாவு. ஈஸ்டர் கொண்டாடலாமா?

பூசைக்கு போங்க. புது உடுப்பு, கேக், விருந்து எல்லாம் உங்க விருப்பம், செய்யாட்டி ஒரு குறையும் இல்ல. அல்லேலூயா பாடுற நேரம் வாய் திறக்க ஏலாட்டி பக்கத்துல நிக்கிறவங்க உங்களுக்கும் சேத்து பாடுவாங்க, அதுக்குத்தான் கூட்டமா நிக்கிறோம். சில குடும்பங்கள் ஈஸ்டர் அன்றைக்கு பின்னேரம் சேமக்காலைக்கு (கல்லறைத் தோட்டத்துக்கு) போய் மெழுகுதிரி கொளுத்துவாங்க, அது எனக்கு சரியான விருப்பம், மகதலா மரியாவும் அன்றைக்கு விடிய முதல் போனது கல்லறைக்குத்தானே, அவ அழுதுகொண்டு நிக்கும்போது தானே ஆண்டவர் அவள பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

2019ல பூசை நேரம், பிள்ளைகளும் சேத்து செத்தாங்க. கடவுள் ஏன் தடுக்கல?

இந்தக் கேள்விக்கு ஒருத்தர் டக்குனு பதில் சொன்னா அவர நம்பாதீங்க.

அன்றைக்கு காலைல கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய செபஸ்தியார் கோயில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், அதோட கொழும்புல பெரிய ஹோட்டல்கள்னு குண்டு வெடிச்சு 260 பேருக்கு மேல போனாங்க. கட்டுவாப்பிட்டியில மட்டும் 100க்கு மேல. மட்டக்களப்புல ஞாயிறு வகுப்பு முடிஞ்சு வெளிய நின்ற சின்னப் பிள்ளைகள். இதுக்கு மேல "எல்லாம் கடவுளோட திட்டம்"னு யாராவது சொன்னா எனக்கு வயிறு எரியும்.

லூக்கா 13ல ஒரு இடம் இருக்கு, பிரசங்கத்துல பெரிசா வராது. சீலோவாம்ல கோபுரம் விழுந்து 18 பேர் செத்துட்டாங்க, அவங்க மத்த எருசலேம் ஆக்கள விட பெரிய குற்றவாளிகளான்னு இயேசுவே கேட்டுட்டு, இல்லைன்னு அவரே சொல்றார். அதாவது செத்தவங்கட தலையில பழியப் போடுற கதைய அவர் அந்த இடத்துலயே வெட்டி விடுறார். ஏன் விழுந்துதுன்னு விளக்கம் குடுக்கல. பிறகு அவரே சிலுவையில தொங்கிக்கொண்டு "ஏன் என்னைக் கைவிட்டீர்"னு 22ம் திருப்பாடல சொல்லி கத்துறார். நாம கேட்கிற அதே "ஏன்"ஐ அவரும் கேட்டிருக்கார், அவருக்கும் அந்த நேரம் வானத்துல இருந்து ஒரு பதிலும் வரல. நான் பிடிச்சுக்கொண்டு இருக்கிறது இது ஒண்டத்தான், என்ட கடவுள் இந்தக் கேள்விக்கு வெளிய நிக்கிறவர் இல்ல.

உயிர்த்த பிறகும் இயேசுட கையில காயம் ஏன் இருந்தது? எல்லாம் சரியாகி இருக்கணுமே?

எனக்கு இந்த முழுப் பக்கத்துலயும் முக்கியமான கேள்வி இதுதான்.

சாவையே ஜெயிச்சவருக்கு ஆணித் தழும்ப அழிக்க ஏலாமலா இருந்திருக்கும்? ஆனா அவர் அழிக்கல. பூட்டின கதவுக்குள்ள வந்து நின்று முதல்ல "உங்களுக்கு அமைதி உரித்தாகுக"ன்னு சொல்றார், அடுத்ததா கையையும் விலாவையும் காட்டுறார். அவர அடையாளம் கண்டதே அந்தக் காயத்தாலதான். தோமாவும், மயிலாப்பூர் வரைக்கும் வந்து உயிர் விட்டார்னு நாம எல்லாம் சொல்லிக்கொள்ற அந்த நம்ம தோமா, முகத்தப் பாக்கணும்னு கேட்கல, காயத்த தொட்டுப் பாக்கணும்னுதான் கேட்டார். அத ஆண்டவர் தப்பா எடுக்கல, இந்தா தொடுன்னு கைய நீட்டினார். இத திருச்சபை ஒவ்வொரு வருஷமும் ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறே வாசிக்குது.

பாஸ்கா திரியையும் கிட்டப் போய் பாருங்க. சிலுவை அடையாளம், அந்த வருஷத்து இலக்கம், அதோட அஞ்சு சாம்பிராணி மணி குத்தி இருக்கும், அது அஞ்சு காயம். உயிர்ப்புட வெளிச்சம்னு நாம தூக்கிக்கொண்டு வாற திரியிலயே காயத்த குத்தித்தான் வச்சிருக்கோம்.

கட்டுவாப்பிட்டிய கோயில்ல இத கண்ணால பாக்கலாம். அங்க உயிர்த்த இயேசு சுரூபம் ஒன்று அன்றைக்கு ரத்தம் தெறிச்சு அப்படியே நின்றது. கோயில திருத்தி பெயின்ட் அடிச்சு திரும்ப திறந்தாங்க, அந்த சுரூபத்த மட்டும் கழுவல, கண்ணாடிக்குள்ள வச்சிருக்காங்க. போனா கொஞ்ச நேரம் அதுக்கு முன்னால நில்லுங்க. கழுவி இருந்தா நல்லா இருந்திருக்கும்னு சொல்ற ஆக்களும் இருக்காங்க, அவங்க சொல்றதும் எனக்கு விளங்குது, ஒவ்வொரு ஞாயிறும் அத பாக்கிற தாய்க்கு எப்படி இருக்கும். ஆனா பிள்ளைய குடுத்த குடும்பத்துக்கு முன்னால ஒன்றும் நடக்காத மாதிரி ஒரு சுத்தமான உயிர்ப்பக் காட்டுறத விட இது உண்மையா இருக்குன்னுதான் எனக்குத் தோணுது.

அதனால "இன்னும் அழுறியா, ஈஸ்டர் தானே"ன்னு யாராவது உங்களக் கேட்டா, உயிர்த்த ஆண்டவருக்கே காயம் ஆறி மறையலன்னு சொல்லுங்க.

செத்த வீட்டுக்கு, நோயாளி வீட்டுக்கு போனா என்ன சொல்றது?

குறைவா சொல்லுங்க. யோபுட கூட்டாளிமார் ஏழு நாள் தரையில அவரோட சும்மா இருந்தாங்க, அது வரைக்கும் நல்லாத்தான் செஞ்சாங்க, வாயத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டுது.

"கடவுளுக்கு தேவைப்பட்டுது எடுத்துட்டார்", "நல்லவங்கள சீக்கிரம் கூப்பிடுவார்", "உங்களுக்கு தாங்குற சக்தி இருக்குன்னுதான் தந்திருக்கார்", இந்த மூணையும் தயவு செஞ்சு விட்டுடுங்க. எம்மாவு கதையில இயேசு எப்படி செய்றார்னு பாருங்க. இயேசு செத்ததுல ரெண்டு சீடர்கள் மனசு உடைஞ்சு எம்மாவு ஊருக்கு போய்க்கொண்டு இருக்காங்க, எருசலேம்ல இருந்து பதினொரு கிலோமீட்டர், கொச்சிக்கடையில இருந்து தெஹிவளை பக்கம் வரைக்கும் நடக்கிற மாதிரி. இவர் பக்கத்துல போய் சேந்து நடக்கிறார், என்ன கதைச்சுக்கொண்டு போறீங்கன்னு கேட்கிறார், அவங்க முழுசா சொல்லி முடிக்கும் வரைக்கும் கேட்டுக்கொண்டு வாறார். "அவர் மீட்பார்னு எதிர்பார்த்தோமே"ன்னு அவங்க சொன்ன பிறகுதான் வேதாகமத்த எடுக்கிறார். நாங்க அந்த ஒழுங்க மாத்திடுறோம், வாசல்ல செருப்பக் கழட்டும்போதே வசனம் தொடங்கிடுது.

எங்க அம்மா தவறினப்போ பக்கத்து வீட்டு சிங்கள அக்கா ஒரு வார்த்தையும் பெரிசா கதைக்கல. காலைல தேத்தண்ணி போத்தல் ஒன்று கொண்டு வந்து வச்சிட்டு, எங்கட பிள்ளைகள குளிக்க வாத்து சாப்பாடு குடுத்து அனுப்புவாங்க. யார் யார் என்ன ஆறுதல் சொன்னாங்கன்னு எனக்கு இப்ப ஞாபகம் இல்ல, அவங்க செஞ்சது மட்டும் ஞாபகம் இருக்கு. அதோட ஒன்று, முதல் கிழமை எல்லாரும் வருவாங்க, 31ம் நாள் பூசைக்கு பிறகு வீடு வெறிச்சோடிப் போகும், நீங்க அப்ப போங்க.

மன்னிக்கணும்னு சொல்றாங்க. அப்ப நீதி கேட்கிறது தப்பா?

தப்பே இல்ல. மன்னிக்கிறதுங்கிறது பழி வாங்க மாட்டேன்னு நான் எடுக்கிற முடிவு, அதுக்கும் எவ்வளவு காலம் எடுக்குமோ அது பாதிக்கப்பட்டவங்கட கணக்கு, வெளிய நிக்கிற நாம அவசரப்படுத்த ஏலாது. உண்மை வெளிய வரணும்னு கேட்கிறது வேற வேலை, ரெண்டையும் ஒரே ஆள் செய்யலாம்.

2019 ஏப்ரல் 4ம் திகதியே இந்தியாவுல இருந்து எச்சரிக்கை வந்தது. வந்தும் ஒருத்தரும் கோயில்களுக்கு சொல்லல. 2023 ஜனவரி 12ல உயர் நீதிமன்றம், தெரிஞ்சும் தடுக்காம விட்டது மக்கள்ட அடிப்படை உரிமைய மீறினதுன்னு தீர்ப்புக் குடுத்து, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு கட்டணும்னு சொன்னது, பொலிஸ், புலனாய்வு மேலதிகாரிகளும் கட்டணும்னு சொன்னது. கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை முதல் பழிவாங்கல் வேணாம்னு ஜனங்கள அமைதிப்படுத்தினார், பிறகு வருஷக்கணக்கா யார் பின்னால இருந்தாங்கன்னு கேட்டுக்கொண்டே இருக்கார். ரெண்டும் ஒரே மனுஷன் தானே.

இதுல தமிழ் ஆக்கள் நாம ஒன்ற சேத்து யோசிக்கணும். கிளிநொச்சியில காணாமல் ஆக்கப்பட்டவங்கட அம்மாமார் 2017 பெப்ரவரி 20ல இருந்து ரோட்டுல குந்தியிருந்து கேட்கிறதும், கட்டுவாப்பிட்டிய அப்பா அம்மாமார் கேட்கிறதும் ஒரே கேள்வி, என்ட பிள்ளைக்கு என்ன நடந்தது, யார் செஞ்சது. அங்க தமிழ்ல கேட்கிறாங்க, இங்க சிங்களத்துல கேட்கிறாங்க. ஒன்ற மட்டும் கேட்டுட்டு மத்ததுக்கு காது குடுக்காட்டி அது என்ன கிறிஸ்தவம்னு எனக்கு விளங்கல. இத ரெண்டு பக்கத்துக்கும் சேத்துத்தான் சொல்றேன்.

மே 18 கஞ்சிய கோயில்ல குடுக்கிறது அரசியல் இல்லையா?

2009 மே 18 வந்ததே பாஸ்கா காலத்துலதான், அந்த வருஷம் ஈஸ்டர் ஏப்ரல் 12, பெந்தெகொஸ்தே மே 31. போர்ட கடைசி நாட்கள்ல முள்ளிவாய்க்கால்ல ஜனங்க அரிசியும் உப்பும் தண்ணியும் போட்ட கஞ்சியக் குடிச்சு உயிர் வச்சிருந்த நாட்கள், இங்க கொழும்புல அல்லேலூயா பாடின நாட்கள். செத்தவங்கள நினைக்கிறதும், பசியில கிடந்தவங்கட கஞ்சிய ஒரு கோப்பை குடிச்சு அவங்களுக்காக செபிக்கிறதும் பூசைக்கு வெளிய இருக்கிற விஷயமா எனக்குத் தெரியல. 1995 ஜூலை 9ல நவாலி புனித பேதுரு கோயில்ல இடம்பெயர்ந்து வந்து தங்கின சனத்துக்கு மேல விமானப்படை குண்டு போட்டு 100க்கு மேல செத்தாங்க, அதுவும் கோயில்தான், அவங்களும் அடைக்கலம் தேடித்தான் வந்தாங்க. கொச்சிக்கடைக்கு அழுத கண்ணுக்கு நவாலிக்கு அழவும் தெரியணும்.

முஸ்லிம் பக்கத்து வீட்டாக்களோட எப்படி இருக்கிறது? மனசுல இன்னும் ஒரு மாதிரி இருக்கு.

ஒரு மாதிரி இருக்கிறத ஒளிக்க வேணாம், அத பாவசங்கீர்த்தனத்துலயும் சொல்லலாம், நம்பிக்கையான ஒருத்தரோடயும் கதைக்கலாம். ஆனா அந்த மனசோட போய் அப்பாவி ஆக்கள்ட கடைக்கு கல்லெறியக் கூடாது. 2019 மே மாதம் குருநாகல், மினுவாங்கொட பக்கம் முஸ்லிம் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிஞ்சது, நீர்கொழும்புல தங்கியிருந்த பாகிஸ்தான் அகதிகள வீட்டுக்காரங்க வெளிய போகச் சொல்லிட்டாங்க. அந்த அகதிகள்ல கிறிஸ்தவங்களும் இருந்தாங்க, தங்கட நாட்டுல துன்புறுத்தல் தாங்க ஏலாம ஓடி வந்தவங்க. குண்டு வச்சவன்ட பாவத்த பக்கத்து வீட்டு உம்மாட தலையில கட்டினா சீலோவாம் கதையில ஆண்டவர் வெட்டி விட்டத நாம திரும்ப ஒட்டிக்கொண்டு இருக்கோம்.

நோன்புக் கஞ்சி வந்தா வாங்குங்க, ஈஸ்டருக்கு பலகாரம் அனுப்புங்க. முன்ன செஞ்சது தானே.

நான் இந்து. செவ்வாய்க்கிழமை அந்தோனியார் கோயிலுக்கு போறேன். இதெல்லாம் எனக்கும் சொன்னதா?

ஓம். அந்தக் கோயில் கத்தோலிக்கர வச்சு மட்டும் நிரம்பினதே இல்ல, செவ்வாய்க்கிழமை போய் நின்றா விபூதியும் இருக்கும், பொட்டும் இருக்கும், பௌத்தர்ட பிரித் நூல் கட்டின கையும் இருக்கும். சிவன் கோயில்ல பொன்னம்பலவாணேஸ்வரரக் கும்பிட்டுட்டு அப்படியே இங்க வாற ஆக்கள் எத்தினை பேர். கோயில் திரும்ப 2019 ஜூன் 12ல, திருவிழாவுக்கு முதல் நாள் திறந்தப்போ சந்தோஷப்பட்டதும் எல்லாரும்தான்.

செபிக்க வரல. வாய் மூடிக்கொள்ளுது.

88ம் திருப்பாடல எடுங்க. மத்த புலம்பல் பாட்டுகள் பெரும்பாலும் கடைசியில எப்படியாவது புகழ்ச்சிக்கு திரும்பும், இது திரும்பாது, இருள்லயே முடியும். அப்படி ஒரு செபம் வேதாகமத்துக்குள்ள இருக்குது, யாரும் தூக்கி எறியல. அதையும் வாசிக்க ஏலாட்டி கோயிலுக்குள்ள போய் சும்மா இருந்துட்டு வாங்க.

சேந்து கஷ்டப்படுறதுன்னா காசு குடுக்கிறதா?

காசும் வேணும். திருத்தூதர் பணிகள் ரெண்டாம் அதிகாரத்துல காணி பூமிய வித்து தேவைப்பட்டவங்களுக்கு பிரிச்சுக் குடுத்தாங்கன்னு தெளிவா இருக்கு, அத வாசிக்கிறது இந்த 50 நாள்லதான். ஆனா காசோட நிக்க ஏலாது.

எனக்கு எப்பவும் ஞாபகம் வாறது புனித யோசேப் வாஸ் அடிகளார். ஒல்லாந்தர் கத்தோலிக்க குருமார உள்ள விடாத காலத்துல, 1687ல கோவாவுல இருந்து பிச்சைக்காரன் வேஷத்துல யாழ்ப்பாணம் வந்தவர், தமிழும் சிங்களமும் படிச்சவர். 1697ல கண்டியில அம்மை நோய் பரவினப்போ சொந்தக்காரங்களே நோயாளிகள காட்டுல விட்டுட்டு ஓடினாங்க, இவர் போய் கழுவித் துடைச்சு, சாப்பாடு குடுத்து, செத்தவங்கள தன்ட கையாலயே அடக்கம் செஞ்சார். பாப்பரசர் பிரான்சிஸ் 2015 ஜனவரி 14ல நம்ம காலிமுகத்திடல்ல வச்சுத்தான் அவர புனிதராக்கினார்.

அவ்வளவு பெரிசா இல்லாட்டியும் செய்யலாம். 2022ல கேஸ் இல்லாம, மண்ணெண்ணெய் கியூவுல நாள் முழுக்க நின்ற காலத்துல கொழும்புல எத்தினை கோயில் வளவுகள்ல பெரிய கிடாரம் வச்சு சமைச்சாங்க, யார் எந்த மதம்னு ஒருத்தரும் கேட்கல. 2025 நவம்பர் கடைசியில டித்வா புயலுக்கு களனி கங்கை பெருகினப்போவும், மலையகத்துல மண்சரிவு வந்தப்போவும் அப்படித்தான் பார்சல் கட்டி அனுப்பினோம். இப்பவும் மஹரகம கேன்சர் ஆஸ்பத்திரிக்கு ஹட்டன், வவுனியா, மட்டக்களப்புல இருந்து வாறவங்களுக்கு சிங்களம் விளங்காது, எந்த வரிசையில நிக்கிறதுன்னு தெரியாது, துணைக்கு வந்தவங்களுக்கு தங்க இடமில்ல. ஒரு காலை லீவு போட்டு கூடப் போய் மொழிபெயர்த்து விட்டா அது அந்தக் குடும்பத்துக்கு பெரிய விஷயம், செஞ்சு பாத்தா தெரியும்.

பிள்ளைகள் கேட்டா என்ன சொல்றது?

உண்மைய சின்னதா சொல்லுங்க. கெட்ட ஆக்கள் செஞ்சாங்க, பெரியவங்க தடுத்திருக்கணும், தடுக்கல, கடவுள் அழுதார். மட்டக்களப்புல குண்டோட வந்தவன உள்ள போக விடாம மறிச்சு, நூத்துக்கணக்கான ஆக்களக் காப்பாத்தி தன்ட உயிரக் குடுத்த ஒரு அப்பா இருந்தார்னும் சொல்லுங்க. கத்தோலிக்க கோயில்கள்ல செத்த 167 பேர்ட பெயர வத்திக்கான் விசுவாசத்தின் சாட்சிகள் பட்டியல்ல சேத்தது 2025ல, அதையும் சொல்லலாம். கோயிலுக்கு போகப் பயம்னு சொன்னா வாசல் பக்கம் இருங்க, கட்டாயப்படுத்தாதீங்க.

மத்தவங்களுக்கு உதவுறது இருக்கட்டும், எனக்கே ஏலாம இருக்கு.

அப்ப உங்க முறை வாங்குறது. நித்திரை இல்லாம, சாப்பாடு இறங்காம, சாகலாம்னு யோசனை வருதுன்னா 1926க்கு கோல் பண்ணுங்க, அது தேசிய மனநல சேவைட நம்பர், மனக் கஷ்டத்துல இருக்கிறவங்களுக்கு உதவுற சுமித்ராயோ அமைப்புலயும் உக்காந்து கேட்பாங்க, டொக்டரிட்ட போறது விசுவாசக் குறைவு இல்ல. கோயில் கந்தோர்ல ஃபாதரிட்டயோ சிஸ்டரிட்டயோ வீட்டுக்கு வந்து நற்கருணை தரச் சொல்லிக் கேளுங்க, கேட்டா வருவாங்க. அன்பியத்துல யாராவது ஒருத்தரிட்டயாவது, சும்மா வந்து கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போங்கன்னு சொல்லி வையுங்க, செபம் சொல்லாட்டியும் பரவாயில்லைன்னு அதையும் முன்னாலயே சொல்லிடுங்க.